ஐந்து மட்டும் அடங்காது

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால், அருவிக்குப் போகிற வழி நெடுகப் பழக்கடைகள்தான். ரம்புட்டான், துரியன், மங்குஸ்தான். மங்குஸ்தான் வாங்கிப் பழகியவர்கள் பழத்தைக் கையில் எடுத்ததும் காம்பைப் பார்ப்பதில்லை. தலைகீழாகத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்ப்பார்கள். அங்கே தோலோடு தோலாக ஒரு சின்னப் பூ, முத்திரை குத்தியதுபோல ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் ஐந்து இதழ் இருந்தால் உள்ளே ஐந்து சுளை. ஆறு என்றால் ஆறு. முதலில் எண்ணிச் சொல்லிவிட்டு, பிறகு உடைத்துச் சரிபார்ப்பது பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டு.

செடி கொடிகளுக்கு ஐந்து என்றால் தனிப் பிரியம். செம்பருத்தி, நந்தியாவட்டை, வேப்பம்பூ எல்லாம் ஐந்து இதழ். மார்கழியில் சாண உருண்டையில் செருகி வைக்கிற பூசணிப்பூவும் ஐந்துதான். ஆனால், அந்தப் பூவைச் சுற்றி வாசலை அடைத்துப் போட்டிருக்கும் புள்ளிக் கோலத்தைப் பாருங்கள். நான்கு இருக்கும், எட்டு இருக்கும், ஆறு இருக்கும். ஐந்து இருக்காது.

ஏன் இல்லை என்று கேட்டால், கோலம் போடுகிறவர்கள் ஒரு விநாடி யோசித்துவிட்டு, "அது வராது" என்பார்கள். சரியான பதில் அதுதான். உலகத்துக் கணித மேதைகளும் சுற்றி வளைத்து அதையேதான் சொல்லியிருக்கிறார்கள்.

புள்ளி வைப்பதில் இரண்டு முறை உண்டு. ஒன்றுக்கு நேராக ஒன்று வைத்துக்கொண்டே போனால் நேர்ப்புள்ளி. இரண்டு புள்ளிக்கு நடுச்சந்தில் அடுத்த வரிசைப் புள்ளியை வைத்தால் இடைப்புள்ளி. நேர்ப்புள்ளியில் கட்டம் பிறக்கும்; அதிலிருந்து நாலு மூலையும் எட்டு மூலையும் வரும். இடைப்புள்ளியில் முக்கோணம் பிறக்கும். அதிலிருந்து ஆறு மூலை வரும். ஐந்து மூலைக்கென்று ஒரு புள்ளி வரிசை கிடையாது. கண்டுபிடிக்காமல் விட்டது அல்ல, இருக்கவே முடியாதது. ஹிருதய கமலம் மாதிரி நடுவிலிருந்து விரிகிற கோலத்தில், எட்டுத் திசைக்கும் ஐந்தைந்து புள்ளி வைத்து அழகாக இழுத்துவிடலாம். ஐந்து திசைக்கு ஒரு நட்சத்திரமும் தனியாகப் போட்டுவிடலாம். ஆனால், அதையே பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிக்கொண்டே போய்க் கூடம் முழுவதும் நிரப்ப முயன்றால் இடிக்கும்.

இடிக்கிற இடத்தை அளந்தே சொல்லிவிடலாம். ஒழுங்கான ஐங்கோணத்தின் ஒரு மூலை 108 டிகிரி. ஒரு புள்ளியைச் சுற்றி மொத்தம் 360 டிகிரி. மூன்று ஐங்கோணங்களை அந்தப் புள்ளியில் சேர்த்து வைத்தால் 324 ஆகிறது. மீதி 36 டிகிரி சந்து. நான்காவது உள்ளே நுழையாது, விட்டால் ஓட்டை. சதுரம் என்றால் நான்கு 90, முடிந்தது. அறுகோணம் என்றால் மூன்று 120, முடிந்தது. தேனீக்களும் கொத்தனார்களும் ஐந்தை விட்டு ஆறுக்கும் நான்குக்கும் போனது இந்தச் சந்துக்குப் பயந்துதான்.

ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வந்து ஒரு பரப்பை நிரப்புவதில் எத்தனை வகை சாத்தியம் என்று 1891-ல் ஃபெடோரோவ் என்ற ரஷ்யர் கணக்குப் போட்டு முடித்தார். வெறும் 17 வகை. சுங்குடிச் சேலையின் உடம்பு, தரை ஓடு, ஜன்னல் கிராதி, கல்யாணப் பத்திரிகை ஓரத்துப் பூ என்று எதை எடுத்தாலும் அந்த 17-க்குள் அடங்கிவிடும். அந்தப் பட்டியலில் ஐந்துக்கு இடமில்லை.

எது வராதோ அதன்மேல்தான் ஆசை போகும். அந்த ஆசையை விடாமல் நானூறு ஐந்நூறு வருடம் துரத்தியவர்கள் பாரசீகத்திலும் பாக்தாதிலும் மத்திய ஆசியாவிலும் பள்ளிவாசல்களும் கல்லறை மண்டபங்களும் கட்டிய கைவினைஞர்கள்.

அவர்கள் கதைக்குப் போகுமுன் ஒன்று. 'இஸ்லாத்தில் உருவம் வரையக்கூடாது, அதனால் வேறு வழியில்லாமல் கட்டமும் நட்சத்திரமும் போட்டார்கள்' என்று எல்லாச் சுற்றுலாக் கையேட்டிலும் ஒரு வரி இருக்கும். பாதிதான் உண்மை. உருவத்துக்குத் தடையே இல்லாத ஊர் தமிழ்நாடு. கோபுரம் நிறையப் பொம்மைகள். அப்படியிருந்தும் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் விடியற்காலையில் போடுவது பிள்ளையார் படமோ லட்சுமி படமோ இல்லை, புள்ளியும் கோடும்தான். காலில் மிதிபடும் இடத்தில் சாமியை வைக்கக்கூடாது என்பது ஒரு காரணம். இன்னொன்று, எண்ணிக்கையிலிருந்து ஒரு அழகு தானாகப் பிறந்து கைக்கு வருகிற சந்தோஷம். அந்தச் சந்தோஷத்துக்குத் தடை உத்தரவு எதுவும் தேவையில்லை.

வடிவங்களும் மதம் பார்த்துத் தங்குவதில்லை. இலஞ்சிக் குமாரனைக் கும்பிட்டுவிட்டு வருகிறவருக்கு, ஒன்றின்மேல் ஒன்று கவிழ்த்த இரண்டு முக்கோணம் முருகனுடைய அறுகோணம். அதே ஆறு முனை நட்சத்திரம் டெல்லியில் ஹுமாயூன் கல்லறையின் முகப்பு வளைவுக்கு இரண்டு பக்கமும் இருக்கிறது. இரண்டு சதுரத்தைச் சற்றே திருப்பி ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் வரும் எட்டு முனை நட்சத்திரத்தைப் பூஜையறைக் கோலத்தில் அஷ்டலட்சுமியோடு சேர்த்துப் பேசுவார்கள். குர்ஆன் பிரதிகளில், ஓதுவதற்காகப் பிரித்த பகுதிகளைக் காட்டும் அடையாளமாக ஓரத்தில் அதே நட்சத்திரம் நிற்கும்.

தென்காசியிலிருந்து அம்பாசமுத்திரம் போகிற வழியில், கடையத்துக்குப் பக்கத்தில் பொட்டல்புதூர் இருக்கிறது. குற்றாலத்துக்கு வருகிற கூட்டத்தில் பாதிப் பேருக்கு இந்த ஊர் இருப்பதே தெரியாது. 12-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் மறைந்த மகான் முகைதீன் அப்துல் காதிர் ஜீலானியின் பெயரில் இங்கே ஒரு தர்கா. அவர் அடங்கியிருப்பது பாக்தாதில்தான். இங்கே இருப்பது அவர் நினைவும் பெயரும். கந்தூரிக்கு இந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்தே வருவார்கள். கடையத்தில் மாமனார் ஊரில் இருந்தபோது, 1920-ல் பாரதியார் பொட்டல்புதூருக்கு வந்து இஸ்லாத்தின் மகிமையைப் பற்றிப் பேசினார்.

இந்தத் தர்காவைப் பார்க்கிற புதியவர்கள் முதலில் திகைப்பது அதன் கட்டடத்தைப் பார்த்துத்தான். கல் தூண், கல் மண்டபம் என்று அப்படியே கோயில் கட்டுமானம். கட்டிய கைக்குத் தெரிந்தது அதுதானே. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் உள்ள பழைய கல் பள்ளிவாசல்களும் இதே கதைதான். தூணும் போதிகையும் கோயில் தச்சு. ஆனால் யாளி இல்லை, துவாரபாலகர் இல்லை, தூணில் குதிரை வீரன் இல்லை. உருவத்தை எடுத்துவிட்டால் கோயில் தூணில் என்ன மிச்சம்? தாமரையும் கொடியும், அதற்கடியில் கணக்கும். அடியில் சதுரம், அதன் மூலைகளைச் சீவினால் எட்டுப்பட்டை, மறுபடி சீவினால் பதினாறு பட்டை. உருவங்களுக்குப் பின்னால் ஒதுங்கியிருந்த கணக்கு, பள்ளிவாசல் தூணில் முன்னால் வந்து நின்றுகொண்டது.

சதுரத்திலிருந்து எட்டுக்கும் எட்டிலிருந்து வட்டத்துக்கும் போகிற இந்த வித்தையைத்தான் குவிமாடம் கட்டுகிறவர்களும் நம்பியிருந்தார்கள். சதுரமான அறைமேல் வட்டமான குவிமாடத்தை எப்படி உட்கார வைப்பது? பீஜப்பூரில் 17-ஆம் நூற்றாண்டில் கட்டிய கோல் கும்பஸில் போய் அண்ணாந்து பார்த்தால் விடை தெரியும். திருப்பி வைத்த இரண்டு சதுரங்கள்போல வளைவுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு எட்டு மூலையை உண்டாக்க, அதன் மேல் அவ்வளவு பெரிய குவிமாடம் உட்கார்ந்திருக்கிறது. வாசல் கோலத்து எட்டு முனை நட்சத்திரம் அங்கே ஆயிரக்கணக்கான டன் பாரத்தைச் சுமக்கிறது.

சரி, பாக்தாதுக்கு வருவோம். பொட்டல்புதூர் மகான் பிறப்பதற்கு நூறு வருடம் முன்பே அந்த ஊரில் அபுல் வஃபா என்று ஒரு கணித மேதை இருந்தார். 940-ல் பிறந்து 998-ல் இறந்தவர். கைவினைஞர்களுக்கு வேண்டிய வடிவியல் என்னென்ன என்று ஒரு புத்தகமே எழுதினார். அதில் ஒரு ருசிகரமான விஷயம் வருகிறது. மூன்று சமமான சதுர ஓடுகளை வெட்டிச் சேர்த்து ஒரே பெரிய சதுரமாக்க வேண்டும், எப்படி? கொத்தர்கள் ஒரு வழி சொல்கிறார்கள். கண்ணுக்குச் சரியாகத் தெரிகிறது, கணக்குப் பார்த்தால் பிசகு. கணிதக்காரர்கள் சொல்கிற வழி கணக்கில் சரி. ஆனால் ஓட்டை எங்கே வெட்டுவது என்று கேட்டால் பதில் இல்லை. இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டு, வெட்டவும் முடிகிற, கணக்கும் தவறாத வழியை அபுல் வஃபா சொல்கிறார். எஞ்சினீயரும் மேஸ்திரியும் இன்றைக்கும் போடுகிற சண்டைக்கு ஆயிரம் வயது.

இப்படிக் கையும் கணக்கும் சேர்ந்து உட்கார்ந்த ஊர்களில்தான் ஐந்து மெல்ல மெல்ல வழிக்கு வந்தது. அவர்கள் செய்தது இதுதான். ஐங்கோணம் மூன்று சேர்ந்தால் 36 டிகிரி சந்து விழுகிறதா? சரி, அந்த 36-ஐயே அளவுகோலாக வைத்துக்கொள்வோம். எல்லா மூலையும் 36-ன் மடங்காக இருக்கட்டும், எல்லாப் பக்கமும் ஒரே நீளமாக இருக்கட்டும். அப்படி ஐந்து வடிவங்கள்: பத்துகோணம், ஐங்கோணம், இழுத்து நீட்டியதுபோல ஒரு அறுகோணம், சாய்சதுரம், இடுப்பு ஒடுங்கிய 'போ டை' போல ஒன்று. இந்த ஐந்தையும் கலந்து அடுக்கினால் சந்து விழாமல் சுவர் நிரம்புகிறது. பத்து முனை நட்சத்திரங்கள் ஆங்காங்கே பூக்கின்றன.

இதில் ஒரு தந்திரமும் உண்டு. ஒவ்வொரு வடிவத்தின் மேலும் கோடுகள் வரைந்திருக்கும். பக்கத்தின் சரிபாதியில், ஒரே சாய்வில் அந்தக் கோடுகள் வெளியேறும். எதை எதற்குப் பக்கத்தில் வைத்தாலும் ஒன்றின் கோடு அடுத்ததில் போய் இழையும். கடைசியில் வடிவங்களின் விளிம்பை அழித்துவிட்டு, கோட்டை மட்டும் சுவரில் பதிப்பார்கள். பார்க்கிறவர் கண்ணுக்கு முடிவில்லாத சிக்குக் கோலம் தெரியும். அதைத் தாங்கிய ஐந்து வடிவங்கள் தெரியாது. சிக்குக் கோலத்துக்கு உள்ளே ஒளிந்திருக்கிற புள்ளி மாதிரி.

ஒளித்ததை வெளிக்கொண்டு வந்தது 2007-ல். ஹார்வர்டில் ஆராய்ச்சி மாணவராக இருந்த பீட்டர் லூவும், பிரின்ஸ்டன் பேராசிரியர் பால் ஸ்டெய்ன்ஹார்ட்டும் 'சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் இந்த ஐந்து வடிவச் சங்கதி உலகம் முழுவதும் பேசப்பட்டது. அவர்களுக்குக் கிடைத்த பெரிய சாட்சி இஸ்தான்புல் தோப்காபி அரண்மனையில் இருக்கிறது. சுமார் 30 மீட்டர் நீளக் காகிதச் சுருள். அதில் 114 மாதிரிகள். மை அழுத்தி வரைந்த வடிவத்துக்கு அடியில், பல இடங்களில் மெல்லிய சிவப்புப் புள்ளிக் கோட்டில் அந்த ஒளிந்த வடிவங்களின் விளிம்பு போட்டு வைத்திருக்கிறது. வேலை தெரிந்தவர் வேலை தெரிந்தவருக்கு விட்டுப்போன குறிப்பு. அரண்மனையில் இருப்பதால் அதற்குச் சுருள் என்று பெயர். அலமாரியில் அம்மாவின் கையெழுத்தோடு இருந்தால் அதுதான் கோல நோட்டு.

அந்தக் கட்டுரை முக்கியமாகச் சுட்டிக்காட்டிய கட்டடம் ஈரானில், இஸ்ஃபஹானில் இருக்கும் தர்பே இமாம் மண்டபம். ஆண்டு 1453. தென்காசியில் பராக்கிரம பாண்டியன் விசுவநாதர் கோயிலை எழுப்பிய அதே காலகட்டம். அந்தச் சுவரில் பெரிய வடிவத்துக்குள் அதே வடிவத்தின் சின்னப் பதிப்பு. ஒரு கோலத்தின் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் இன்னொரு கோலம் போட்டதுபோல. எவ்வளவு தூரம் நீட்டிக்கொண்டே போனாலும் ஒழுங்கு இருக்கும், ஆனால் அச்சடித்ததுபோலத் திரும்ப வராது. மேற்கே இப்படியொரு அடுக்கு முறையை ரோஜர் பென்ரோஸ் கண்டுபிடித்தது 1970-களில். அணுக்களும் அப்படி அடுக்கிக்கொள்ளும் என்று 1982-ல் டேன் ஷெக்ட்மன் கண்டபோது நம்பாமல் சிரித்தார்கள். 2011-ல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கொடுத்தார்கள். இஸ்ஃபஹான் கொத்தர்களுக்கு இந்தக் கணிதம் முழுக்கத் தெரிந்திருந்ததா, கைப்பழக்கமா என்று அறிஞர்கள் இன்னும் மல்லுக்கு நிற்கிறார்கள். நிற்கட்டும். அந்தச் சுவரைப் பென்ரோஸ் துண்டுகளாகப் பிரித்து எண்ணியபோது 3,700 துண்டுகளில் 11 இடத்தில்தான் பிசகு இருந்தது. அதுவும் பழுது பார்த்தபோது மாற்றிப் பதித்ததாக இருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. கைப்பழக்கம் என்றே வைத்துக்கொண்டாலும், அந்தக் கையைக் கும்பிடலாம்.

ஈரானுக்கெல்லாம் போக முடியாது என்பவர்களுக்கு ஆக்ரா இருக்கிறது. தாஜ்மகாலைப் பார்க்கப் போகிறவர்கள் யமுனையின் எதிர்க்கரையில் இருக்கும் இதிமாத் உத் தௌலா கல்லறையை விட்டுவிடுவதுண்டு. நூர்ஜஹான் தன் தந்தைக்காக 1620-களில் கட்டியது. இந்த ஐந்து வடிவக் குடும்பத்தின் வேலை அங்கேயும் இருக்கிறது.

தெற்கே இந்த ஐந்து வந்து சேரவில்லை. கல்லைச் சீவிச் சீவி நான்கு, எட்டு, பதினாறு என்று போகிற கைக்கு ஐந்து தேவைப்படவில்லை. ஆனால், தாமிரபரணிக் கரையில் முஸ்லிம் குடும்பங்கள் கையில் வேறு ஒரு கணக்கு வளர்ந்தது. பொட்டல்புதூரைத் தாண்டி அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி என்று திருநெல்வேலியைப் பார்க்கப் போனால் வரும் பத்தமடைதான் அந்த ஊர்.

பத்தமடைப் பாய் தெரியாதவர்கள் இல்லை. அது எப்படி வருகிறது என்று தெரிந்தவர்கள் குறைவு. ஆற்றோரத்தில் விளைகிற கோரையை அறுத்து, காயவைத்து, கீறி, ஓடும் தண்ணீரில் நாள் கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து, மறுபடி நூல்போலக் கீறுவார்கள். பாவுக்குப் பருத்தி நூல், ஊடைக்குக் கோரை. பட்டுப்பாய் என்று சொல்கிற உயர்ந்த ரகத்தில் பாவு இழைகள் அவ்வளவு நெருக்கமாக இருக்கும். துணிபோல மடித்துச் சின்னப் பெட்டிக்குள் வைத்துவிடலாம். சிவப்புக்கு ஒரு காலத்தில் சப்பங்கிக் கட்டையைக் கொதிக்கவைத்துச் சாயம் எடுத்தார்கள். கல்யாணப் பாயில் பொண்ணு மாப்பிள்ளை பேரும் நெய்வார்கள். இந்தப் பாய்க்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

பாய் நெய்கிறவருக்குப் புள்ளியும் இல்லை, கவராயமும் இல்லை. இழையை எண்ணுவதுதான் வேலை. இத்தனை இழை மேலே, இத்தனை இழை கீழே, அடுத்த வரியில் ஒன்று தள்ளி. அப்படித் தள்ளித் தள்ளித்தான் சாய்கோடு பிறக்கும், படிக்கட்டுப் படிக்கட்டாக. அதனால் பாயில் கட்டம் வரும், வைரம் வரும், எட்டு முனையும் வரும். ஐந்து முனையைத் தோராயமாக ஒப்பேற்றலாமே தவிர, அச்சாக வராது, நெசவும் நேர்ப்புள்ளிதானே. இன்னொரு தொல்லையும் உண்டு. கோரையின் கனமும் பாவின் இடைவெளியும் ஒன்றாக இருக்காது. காகிதத்தில் சதுரமாகப் போட்டது பாயில் நீண்டுவிடும் அல்லது குறுகிவிடும். எத்தனை கோரைக்கு எத்தனை இழை என்று கண்ணால் திருத்திக்கொண்டே போக வேண்டும். இந்தத் திருத்தம் எந்த நோட்டிலும் இல்லை. வீட்டுக்குள் உட்கார்ந்து நெய்கிற பெண்களின் விரலில் இருக்கிறது. பிளாஸ்டிக் பாயின் விலைக்கு முன்னால் அந்த விரல்கள் நிற்க முடியவில்லை. பட்டுப்பாய் நெய்கிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். கோரை இருக்கும், ஆறு இருக்கும், தறிகூட இருக்கும். எண்ணுகிறவர் போய்விட்டால் கணக்கும் கூடவே போய்விடும்.

தரைக்கும் இதே கதி. பழைய வீடுகளில், பள்ளிவாசல்களில், சத்திரங்களில் போட்டிருந்த சிமென்ட் பூக்கல்லை இப்போது பெயர்த்துப் போட்டுவிட்டுப் பளபளவென்று பெரிய பெரிய டைல்ஸ் ஒட்டுகிறார்கள். குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. பழைய தரை விரிசல் விடும், கறை பிடிக்கும், வயசானவர்களுக்கு வழுக்கும். வெளிநாட்டில் உழைத்துச் சம்பாதித்தவர் தன் வீட்டுக்கும் தன் ஊர்ப் பள்ளிவாசலுக்கும் புதுசு போட ஆசைப்படுவதில் தப்பும் இல்லை. ஆனால், என்ன போகிறது என்று தெரிந்து போடலாம்.

காரைக்குடிப் பக்கம் ஆத்தங்குடியில் இன்னும் கையால் செய்கிறார்கள். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ வடிவத்தில் தகரத் தடுப்பு. ஒவ்வொரு அறைக்குள்ளும் ஒரு கலர்ச் சிமென்ட் குழம்பை ஊற்றி, தடுப்பை நைசாக உருவிவிட்டு, மேலே மணலும் சிமென்ட்டும் போட்டு அடைத்து, பிறகு தண்ணீரில் ஊறவைப்பார்கள். கண்ணாடியிலிருந்து கழன்று வரும்போது அந்தக் கண்ணாடியின் பளபளப்பு கல்லுக்கு வந்துவிடும். செட்டிநாட்டு வீடுகளுக்கு முதலில் ஐரோப்பாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் ஓடுகள் கப்பலில் வந்தன; பிறகு உள்ளூர்க் கை அதைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. மொராக்கோவில் இதற்கு நேர் எதிர். அங்கே சுட்ட ஓட்டைச் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி நட்சத்திரமாகவும் முக்கோணமாகவும் வெட்டி, முகம் கீழே இருக்கும்படி கவிழ்த்து அடுக்குவார்கள். வேலை முடிந்து திருப்பும்வரை வடிவம் அவர்கள் மனசில் மட்டும்தான் இருக்கும்.

பழைய பூக்கல் தரையில் ஒரு கல்லில் ஒரு பூ முழுசாக இருப்பது அபூர்வம். நான்கு கல் சேர்ந்தால்தான் ஒரு பூ. ஒவ்வொன்றிலும் கால் பூ. ஒரு கல்லை மட்டும் ஞாபகார்த்தமாக எடுத்து வைக்கிறவர்கள் இதைக் கவனிக்காமல் கால் பூவோடு நின்றுவிடுகிறார்கள். உடைக்க முடிவு செய்துவிட்ட வீட்டில், உடைப்பதற்கு முதல் நாள் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். தரையைத் துடைத்துவிட்டு, ஒரு அளவுகோலைப் பக்கத்தில் வைத்து, நேர் மேலிருந்து போட்டோ எடுக்கலாம். ஓரத்து வரிசையையும் மூலையையும் தனித்தனியாக எடுக்க வேண்டும். நடுப்பூவை எல்லோரும் எடுப்பார்கள், மூலையில் வரிசை எப்படித் திரும்பியது என்பதுதான் பிறகு யாருக்கும் தெரியாமல் போகும். பழைய தரை சுண்ணாம்புக் காரையில் பதித்ததாக இருந்தால் மெதுவாக நெம்பினால் பல கல் முழுசாகவே கழன்று வரும். நான்கு கல் எடுத்துப் பூஜையறையிலோ, தொழுகிற இடத்துக்கு முன்னாலோ பதித்தால் ஒரு முழுப் பூ அந்த வீட்டிலேயே இருக்கும்.

அடங்காத ஐந்தை வீட்டிலேயே பிடித்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு இரண்டு வழி. முதலாவது ஒரு நிமிட வேலை. ஒரே அகலமாகக் கிழித்த பனையோலையையோ, காகிதப் பட்டையையோ எடுத்து, சாதாரணமாக ஒரு முடிச்சுப் போட்டு, மெல்ல இழுத்துத் தட்டையாக அமுக்கிவிடுங்கள். அச்சுப் பிசகாத ஐங்கோணம் கையில் இருக்கும். அளவுகோல் வேண்டாம், கவராயம் வேண்டாம்.

இரண்டாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியான வேலை. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளும் பிள்ளைகளின் ஜியாமெட்ரி பாக்ஸும் போதும். எல்லாப் பக்கத்துக்கும் 3 சென்டிமீட்டர். மூலை 144 டிகிரி வைத்து ஒரு பத்துகோணம். மூலை 108 வைத்துப் பத்து ஐங்கோணம். எதிரெதிரே இரண்டு மூலை 72-ம் மற்ற நான்கும் 144-மாகச் சில நீள அறுகோணம். 72-ம் 108-மாகச் சில சாய்சதுரம். நான்கு மூலை 72, நடுவில் உள்ளே மடங்கிய இரண்டும் 216 வைத்துச் சில போ டை. வெட்டி முடித்ததும் பத்துகோணத்தை நடுவில் வைத்து, அதன் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு ஐங்கோணத்தை ஒட்டிக்கொண்டு வாருங்கள். 144-ம் இரண்டு 108-ம் சேர்ந்தால் 360. தனியாக மூன்று வைத்தபோது சந்து விட்ட அதே ஐங்கோணங்கள், பத்தும் கைகோத்து இறுக்கமாகச் சுற்றி உட்கார்ந்துவிடும். வெளிச்சுற்றில் இரண்டு ஐங்கோணம் சேருகிற இடமெல்லாம் 144 டிகிரியில் ஒரு பள்ளம் இருக்கும். அங்கே மிச்சத்தில் எது உட்காரும் என்று பிள்ளைகள் கண்டுபிடிக்கட்டும். ஒன்றுக்கு மேற்பட்ட விடை உண்டு, ஒவ்வொன்றுக்கும் அடுத்த சுற்று வேறு மாதிரி விரியும்.